ஐந்தாவது துளை

எங்கள் பட்டறைத் தெருவில் ஒரு மதியம் முழுக்க மின்சாரம் போகாமல் இருப்பது வருஷத்தில் ஐந்தாறு நாள்தான், இன்ஸ்பெக்டர் சாகிப். அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. நடந்ததில் அதை மட்டும்தான் அதிர்ஷ்டம் என்று சொல்வேன். மற்றதெல்லாம் வேலை.

என் பெயர் சர்ஃபராஸ். ஆபரேஷன் கத்தரிக்கோலும் இடுக்கியும் முறிந்த எலும்பில் வைக்கிற தகடும் செய்யாத சந்து சியால்கோட்டில் கிடையாது. ஹாஜி முனவ்வர் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அமிலத் தொட்டி என் பொறுப்பு. பொருளைச் செம்புக் கொக்கியில் மாட்டி, சூடான அமிலத்தில் இறக்கி, மின்சாரத்தைத் திறந்துவிட வேண்டும். தேய்ப்பது கிடையாது, உரசுவது கிடையாது. உலோகம் தானாகவே மேல்தோலை விட்டுக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மேடெல்லாம் கரைந்து, முகம் பார்க்கிற மாதிரி வெளியே வரும். பத்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் பளபளப்பு குறையாது. பொருள் குறையும்.

வகாஸ் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவனுக்கு ஐந்து வயது. ரொட்டி சுட்டுப் போட்டதும், கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும், காய்ச்சலுக்குக் கண்விழித்ததும் நான். எனக்குப் பெண் பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அதை அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. அடிக்கடி சொல்லிக் காட்டியதில்லை.

வளர்ந்ததும் எங்கள் பட்டறையிலேயே அரம் பிடிக்கச் சேர்த்துவிட்டேன். நல்ல கை அவனுக்கு. விரல் நுனியால் தடவியே எங்கே தேய்மானம் கூடுதல் என்று சொல்லிவிடுவான். மதியம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். சாணை பிடிக்கிற இல்யாஸுக்கு அது பெரிய வேடிக்கை.

"சர்ஃபராஸ் பாய், ஊட்டி முடிச்சதும் வாயத் தொடச்சு விடுங்க. பையன் மீசையில பருப்பு ஒட்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வகாஸ் மட்டும் மறுநாள் தனியாக ஒரு டப்பா கொண்டுவந்தான்.

பிறகுதான் வெளிநாட்டுப் பேச்சு ஆரம்பித்தது. எங்கள் பின் சந்திலிருந்து கள்ளத்தனமாகப் படகு ஏறி வெளிநாடு போன இரண்டு பையன்கள் திரும்பவில்லை. வாசலில் கிடக்கிற அவர்கள் செருப்பைத் தாய் இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்த்த எந்த அண்ணன் சும்மா இருப்பான் என்று நீங்களே சொல்லுங்கள்.

"பாய்ஜான், பக்ரீத் முடிஞ்சதும் கெளம்புறேன்."

"எங்கடா?"

"போன வாரமே சொன்னேனே. நீங்கதான் காதுல வாங்கல."

"இங்க உனக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணும் குறைச்சல் இல்ல பாய்ஜான். இருபத்தாறு வயசாச்சு. என் சட்டைய நானே எடுக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

அன்று அவன் போட்டிருந்தது நான் எடுத்துக்கொடுத்த சட்டை. நீலம் அவனுக்குப் பொருந்தும்.

அடுத்த வாரம் வஜீராபாத் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. அதில் எனக்குச் சம்பந்தமில்லை, தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே இருப்பவன் எனக்குக் கொடுத்த அவகாசம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டாக்டர் ஒரு தகடு வைத்தால் மூன்று மாதத்தில் ஓடுவான் என்றார். வகாஸ் படுக்கையிலிருந்தே எங்கோ தொலைபேசியில் பேசினான். மூன்று மாதம் காத்திருப்பார்களாம். அழுதுகொண்டே சிரித்தான்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். டாக்டர் சீட்டில் அளவை எழுதித் தருவார். மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். தொழிலில் இருக்கிறவன் தன் பட்டறையிலிருந்து கொண்டுபோவான். கடையில் வாங்கினால் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ஹாஜி சாகிப் ஏற்றுமதிப் பெட்டியைப் பிரித்துத் தானே ஒரு தகட்டைப் பொறுக்கி எடுத்தார். ஒன்பது துளை. முறிவுக்கு நேராக ஐந்தாவது துளை வரும்.

"நீயே மினுக்கிடு சர்ஃபராஸ். உன் தம்பி உடம்புக்குள்ள போறது. வேற எவன் கையும் படவேணாம்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அமிலம் தாங்குகிற சிவப்புப் பூச்சைத் தகடு முழுக்கத் தடவினேன். எலும்பைப் பார்த்து உட்கார்கிற அடிப்பக்கத்தில், ஐந்தாவது துளையைச் சுற்றி மட்டும் விரல் அகலத்துக்குப் பூசாமல் விட்டுவைத்தேன். பத்து நிமிஷத்துக்குப் பதில் நான்கு மணி நேரம். கொக்கி ஆடாமல் இருக்கப் பக்கத்திலேயே நின்றேன். தொழுகை நேரம் வந்ததும் தொட்டி ஓரத்திலேயே பாயை விரித்துத் தொழுதேன். வகாஸ் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு பூச்சைக் கழுவிவிட்டு, முழுத் தகட்டையும் ஒருமுறை முறைப்படி இறக்கி எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை.

ஹாஜி சாகிப் இரண்டு முனையிலும் அளவுகோலை வைத்துக் கனம் பார்த்து, சரி என்று தலையாட்டினார். தகட்டை எல்லோரும் முனையில்தான் அளப்பார்கள். டாக்டர்தான் திருப்பிப் பார்த்தார்.

"அடியில குழிவா இருக்கே?"

"புது மாதிரி, டாக்டர் சாகிப். எலும்புக்கு ரத்தம் ஓட இடம் விடுறோம். ஜெர்மனிக்கு இப்படித்தான் போகுது."

அப்படித் தகடுகள் இருக்கத்தான் செய்கின்றன. அவர் நம்பியதில் தவறில்லை. கூடப்பிறந்த அண்ணன் கொண்டுவந்த தகட்டை யார் சந்தேகப்படுவார்கள்? "முகமே தெரியுதே" என்று சிரித்துவிட்டுக் கொதிக்கவைக்கக் கொடுத்தார்.

தகடு கொஞ்சம் வளையும், இன்னும் ஆறு மாதம் படுப்பான், அந்த வெளிநாட்டு வேலை வேறு யாருக்காவது போய்விடும். நான் நினைத்தது அவ்வளவே. ஏழாவது வாரம் தடியை விட்டுவிட்டு வாசல்வரை நடந்து காட்டினான். "பாத்தீங்களா பாய்ஜான்!" என்றான். சத்தம் பெரிதாக இல்லை. பென்சில் ஒடிகிற மாதிரிதான் இருந்தது.

சீழ் வைத்ததும், இரண்டு முறை திறந்து மூடியதும், கடைசியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்ததும் என் திட்டத்தில் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த எட்டு மாதமும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். காலையில் குளிப்பாட்டுவேன். மாடியிலிருந்து பதினெட்டுப் படி, முதுகில் சுமந்து இறக்கி வெயிலில் உட்காரவைப்பேன். மதியம் பட்டறையிலிருந்து ஓடிவந்து ஊட்டிவிட்டுப் போவேன். இல்யாஸ் இப்போது கேலி செய்வதில்லை. அண்ணன் என்றால் இவனல்லவா என்று தெருவே சொல்கிறது. வகாஸ் அதிகம் பேசுவதில்லை. சின்ன வயதிலும் அவன் அப்படித்தான்.

மேஜையில் ஒரு காகிதத்தை வைத்திருக்கிறீர்கள். தெரியும். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கிற வேலை. முறையான விசா, விமான டிக்கெட். அதை அவன் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். படகைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த விமானமும் கடலுக்கு மேலேதான் போகிறது, சாகிப்.

உடைந்த தகட்டை டாக்டர் ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்தார். நான் கால்வாயில் எறிய நினைத்தேன். நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வகாஸ் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். இரண்டு துண்டையும் விரலால் தடவிக்கொண்டே படுத்திருப்பான். பாவம், பொழுது போகவில்லை என்று நினைத்தேன். இல்யாஸிடம் அளவுகோல் கேட்டு வாங்கியிருக்கிறான் என்பதை நீங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன்.

புகாரில் இருப்பது அவன் கையெழுத்துதான். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? நானும் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். நான் செய்தேன், தெரிந்தே செய்தேன், அவனுக்காகச் செய்தேன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று தவறு. காலையில் நான் பட்டறைக்குப் போன பிறகு அவன் யாரையும் கூப்பிடாமல் தனியாக இறங்கி, ரிக்‌ஷா பிடித்து இங்கே வந்தான் என்கிறீர்கள். யாரோ தூக்கிவிட்டிருக்கிறார்கள், சாகிப். நன்றாக விசாரித்துப் பாருங்கள். நான் இல்லாமல் அவனால் படி இறங்க முடியாது.