தொட்டிக்கு ஆகாத தண்ணீர்

கடல் சாமந்திக்கு வாரத்தில் இரண்டு முறை சாப்பாடு கொடுத்தால் போதும். பழவேற்காட்டு இறால் என்றால் நல்லது. ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்துவிட்டு, பட்டாணி அளவுக்கு நறுக்கி, இடுக்கியில் பிடித்து அதன் கைகளில் மெல்லத் தொட வேண்டும். பூ மாதிரி இருந்தாலும் அது கடல் பிராணி. கைகள் என்று நான்தான் சொல்கிறேன்; பார்க்கிறவர்கள் பூவிதழ் என்பார்கள். அது தானே வாங்கி வாய்க்குக் கொண்டுபோகும். ஆசைப்பட்டுப் பெரிய துண்டாகக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும், தண்ணீர் கெட்டுப்போகும். இன்று வியாழக்கிழமை, கொடுக்க வேண்டிய நாள். நான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதால் வேறு யாராவது கொடுக்க வேண்டும். அதனால்தான் முதலில் இதைச் சொன்னேன்.

என் பெயர் மோகன்ராஜ். புதுவாயலில் வாடகை வீடு. கும்மிடிப்பூண்டியில் எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. தகட்டை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவார்கள். நைட்ரேட் மிகுந்த அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்து, சோதித்து, பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. மனைவி நர்மதா தேர்வாய் கண்டிகையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தத் தொட்டியை வாங்கி வைத்தேன்.

கடல் சாமந்தியைச் சாகடித்துவிட்டு அதிர்ஷ்டம் இல்லை என்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே கிடையாது, தண்ணீர்தான் எல்லாம். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருப்பது ஆவியாகாது. அதனால் தினமும் காலையில், ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒரு முறை நைட்ரேட் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். உங்கள் மேசையில் இருக்கும் நீல அட்டை நோட்டு அதுதான். அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை.

ஆலைப் பதிவேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் மாதம் கழிவுநீர்க் குழியின் அடியில் விரிசல் விட்டது. உள்ளே விட்ட தண்ணீரில் பாதிதான் வெளியே வந்தது. மீதி மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் வேலையை நிறுத்துவார்கள், கூட்டம் போடுவார்கள், ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் கழித்து, ஏன் ஒரு வாரமாகச் சொல்லவில்லை என்பதற்கும் பதில் தேட வேண்டியிருந்தது. அதைவிடப் பழைய எண்களையே திரும்ப எழுதுவது சுலபமாக இருந்தது.

ஆரோக்கியமேரி எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர். அவர் வீடு ஆலைக்குப் பின்னால் இருக்கும் காலனியில். நவம்பரில் எங்கள் ஆர்.ஓ. மெஷின் பழுதாகிவிட்டது. தொட்டிக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் நான் தவித்ததைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்.

"இன்னா சார், இதுக்குப் போயி பேஜாராவறீங்க. எங்க போர் தண்ணி எளநி மாதிரி கீது. ரெண்டு கொடம் கொணாந்து தரேன்."

மறுநாள் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். யார் கொடுத்தாலும் சோதிக்காமல் நான் ஊற்றுவதில்லை. சோதனைக் குழாயில் ஐந்து மில்லி எடுத்து, மருந்துச் சொட்டுகள் விட்டு, ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தேன். நல்ல தண்ணீர் என்றால் மஞ்சளாக நிற்கும். இது சிவந்து, பீட்ரூட் சாறு மாதிரி ஆயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையில் அதற்கு மேல் நிறமே கிடையாது. எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நோட்டில் எழுதினேன். 'ஆரோக்கியமேரி வீட்டு போர் தண்ணீர். நைட்ரேட் 160க்கு மேல். தொட்டிக்கு ஆகாது.' இரண்டு குடத்தையும் முருங்கைக்கு ஊற்றினேன். மரத்துக்கு அது உரம்.

குடத்தை வாங்க வந்தவர் கேட்டார். "தண்ணி எப்டி சார் கீது?"

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் பூவுக்கு ஒத்துக்காது, அவ்ளோதான்."

"மோனிகா பாப்பாக்குப் புட்டிப்பால் இதுலதான் கலக்கறோம். கலக்கலாம் இல்ல சார்? படிச்சவரு நீங்க, அதான் கேக்கறேன்."

மோனிகா அவருடைய மகள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பால் போதவில்லை. குழந்தைக்கு அப்போது நாற்பது நாள்.

"நல்லா கொதிக்க வெச்சுக் கலக்குங்க" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நாலே நாளில் எங்கள் மெஷின் சரியாகிவிட்டது. இருபது லிட்டர் கேன்கள் நான்கை எப்போதும் நிரப்பி, கூடத்தில் வரிசையாக வைத்திருப்பேன். அவற்றைத் துடைத்து வைப்பதும் ஆரோக்கியமேரிதான்.

டிசம்பரில் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். "பாப்பா ஒதடு நீலமா ஆவுது சார். பாலும் சரியா குடிக்கல."

"குளிரு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அப்போது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னீங்களேன்னு அரை மணி நேரம் கொதிக்க வெச்சுதான் சார் கலக்கறோம். பாதியா சுண்டிப்பூடுது."

நான் அடுத்த இறாலை எடுத்தேன். ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைக்கு எடுத்த ரத்தம் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்ததாம். நைட்ரேட் ஏறினால் கைக்குழந்தையின் ரத்தம் அப்படித்தான் மாறும். என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். அன்று சாயங்காலமே குழந்தை போய்விட்டது.

அடக்கம் முடிந்த பிறகு ஆரோக்கியமேரி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். சார் சொன்னபடிதானே கொதிக்க வைத்தோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நர்மதா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் போன பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"ஒரே ஒரு கேன் குடுத்திருக்கலாமே" என்றாள்.

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மறுநாள் அவள் நோட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எதன்மேலும் எனக்கு இப்போது எதுவும் தோன்றவில்லை.

கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது என்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் அப்படியே நிற்கும், பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்காகும். தினமும் காலையில் தொட்டிக்கு நான் பார்க்கிற வேலையே அதுதானே. அவர் கேட்ட அன்றும் தெரியும், உதடு நீலமானபோதும் தெரியும்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனசறிந்து ஓர் உயிருக்குக் கெடுதல் செய்கிறவன் இல்லை நான். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக்குப் போய்த் தொட்டியைப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அதற்குள் விழ நான் விடவில்லை.