கவுன்சில் இல்லாத கவுண்டி

பிள்ளைகளே, இன்று ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம் போகும் பஸ்ஸில் முன்சீற்றில் இருந்த ஓர் அன்ரி, பக்கத்தில் இருந்த தெரிந்தவரிடம் சொன்னார்:

“இங்கிலாந்தில தங்கச்சி இருக்கிற கவுண்டிக்கு, அதுதான் அந்த மாவட்டத்துக்கு, கவுன்சிலே இல்லையாம், அண்ணை!”

“அப்ப ஆர் ஆளுறது?”

“அந்தக் கவுண்டி வெஸ்ட் மிட்லாண்ட்ஸ், அதில ஏழு பகுதி. ஒவ்வொண்டுக்கும் தனிக் கவுன்சில். தங்கச்சி தன்ர வீடு பேர்மிங்ஹாம் பகுதி எண்டு நினைச்சு, மகளுக்குப் பள்ளிக்கூட இடம் அங்க கேட்டிட்டாள். வீடு இருக்கிற பகுதிக் கவுன்சிலிலதான் கேக்கோணுமாம்; இவளின்ர வீடு ரோட்டுக்கு மற்றப் பக்கம், சான்ட்வெல் பகுதியாம்!”

“ஐயோ, பிள்ளைக்கு இடம்?”

“பிறகு சான்ட்வெல்லில கேட்டு, நேற்றுக் கிடைச்சிட்டுது. ஆனா இன்னும் பேர்மிங்ஹாம் எண்டுதான் சொல்லித் திரியிறாள்.”

அந்தத் தெரிந்தவர் சிரித்தார். “நாங்கள் இருக்கிற ஸ்காபரோவையும் ரொறன்ரோ நகரத்தோட சேர்த்துக் கனகாலம். வீடு எங்க எண்டு கேட்டா நீர் என்ன சொல்லுவீர்?”

“ஸ்காபரோ எண்டுதான்,” என்றார் அன்ரி, இறங்குவதற்கு மணியை அழுத்திக்கொண்டே.