மூன்றாம் மாடியில் நாற்பத்தொரு கடைகள்

நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே, கடையைச் சற்றே சாத்திவிட்டுக் காது கொடுக்க வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, வயதாலும் வாக்காலும் மூத்த பெரியோர்களே, வீட்டு வேலையும் கடை வேலையும் முடித்து வந்தும் பின்வரிசையிலே அமர்த்தப்பட்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சங்கத்தின் முன் இன்று ஒரு தீர்மானம் வைக்கப்பட்டிருக்கிறது. தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் சகோதரி, நாமெல்லாம் ஊசியக்கா என்று அழைக்கும் அந்த அம்மையார், சங்கத்தின் ஒற்றுமையைக் குலைத்தாராம். ஆகவே அவரை நீக்க வேண்டுமாம். முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிய அழைக்கப்பட்டவன் நான். அவர் செய்த குற்றம் என்ன? களவா? கலப்படமா? கள்ளத் தராசா? இல்லை. உம் கடை எங்கே இருக்கிறது என்று இணையம் கேட்டது. கடை இருக்கும் இடத்தை அவர் சொன்னார். அதுதான் குற்றம்.

இந்தக் குற்றத்தின் வரலாற்றைக் கேளுங்கள். சென்ற ஆண்டு இதே மேடைக்கு ஓர் ஆலோசகரை அழைத்து வந்தோம். "தேடுறவங்க கண்ணுல முதல்ல படணும்னா அட்ரஸ் ஊர் நடுவுல இருக்கணும் சார். சந்துக்குள்ள இருக்கிற கடையை எந்த மேப்பும் மதிக்காது" என்றார். கேட்டோம், கிறங்கினோம், தலையாட்டினோம். கண்ணாடி பதித்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலே ஓர் அறை பிடித்தோம். ஆறடிக்கு எட்டடி. ஒரு நாற்காலியைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. இணைய வரைபடத்தின்படி அந்த அறைக்குள் எத்தனை கடைகள்? நாற்பத்தொன்று. மரக்கடை அங்கே. மாவு ஆலை அங்கே. லாரிக்கு டயர் மாற்றும் கடையும் அங்கேதான், மூன்றாம் மாடியிலே. லாரி படியேறி வருமா, மின்தூக்கியில் வருமா என்று கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடை மெய்யாகவே இருக்கிறதா, காணொளியிலே காட்டுங்கள் என்றது வரைபட நிறுவனம். சளைத்தோமா? நாற்பத்தொரு பெயர்ப்பலகைகளையும் அந்த அறைக்குள்ளேயே அடுக்கினோம். யாருடைய முறையோ அவருடைய பலகையைக் கதவிலே மாட்டும் பொறுப்பைக் கட்டடக் காவலாளியிடம் ஒப்படைத்தோம். திருமண மேடை அலங்கரிக்கும் நம் தம்பி, முகமெல்லாம் மலர்ச்சியாகக் கைப்பேசியை ஏந்திப் படம் பிடித்துக்கொண்டே படியேறுகிறார். கதவிலே தொங்குகிறது சவப்பெட்டிக் கடையின் பலகை. "அண்ணே, என்ன போர்டு மாட்டியிருக்கீங்க?" என்று தம்பி பதற, காவலாளி சொன்னாராம்: "ரெண்டு தொழிலுக்கும் பலகையும் ஆணியும்தானே தம்பி. பூவும் உண்டு."

யார் அங்கே உரக்கச் சிரிப்பது? சவப்பெட்டிக் கடைக்காரரா? சிரியுங்கள் ஐயா. உங்கள் சரக்கைப் பயன்படுத்தியவர் எவரும் இதுவரை திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "உங்க கடையும் அங்கதான அண்ணே இருந்துச்சு?" என்று. இருந்தது தம்பி. மின்விசிறிக்குக் கம்பி சுற்றும் என் கடையும் அங்கேதான் இருந்தது. ஊரிலிருந்து வந்த என் மைத்துனி, மாமா கடையைப் பார்ப்போமே என்று கைப்பேசியிலே தேடியிருக்கிறாள். மாலையில் வீடு திரும்பினால் என் துணைவியார் வாசலிலேயே நிற்கிறார். "மூணாவது மாடில ரூம் எடுத்திருக்கீங்களாமே. யாருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றார். "அது சங்கத்துக்கு எடுத்தது" என்றேன். "ஓகோ, நாப்பது பேரும் கூட்டா?" என்றார். அதன்பின் ஒரு வாரம், என் சொந்த வீட்டு முகவரியே எனக்கு ஐயத்திற்கு உரியதாகிவிட்டது.

சிரித்தது போதும் அன்பர்களே. தலைவர் அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அவர் செயற்கைக்கால் செய்பவர், கைதேர்ந்தவர், நடக்க மாட்டாதவரை நடக்கவைத்தவர். அவரைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். ஒரு கால் இல்லை. அக்குளிலே ஊன்றுகோல். மின்தூக்கி அன்று ஓடவில்லை. மூன்று மாடியும் ஏறினார். ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறி வந்து பார்த்தால், பூட்டிய கதவு.

"யாரைப் பாக்கணுங்க ஐயா?" என்றார் காவலாளி.

"கால் செய்யற கடைப்பா. போன்ல இங்கதான் காட்டுச்சு."

"கடை இங்க இல்லீங்களே. நீங்க எந்தப் பக்கம்?"

பெரியவர் தாம் பத்து நாள் முன்பு குடிவந்த தெருவைச் சொன்னார். காவலாளி தலையிலே கைவைத்துக்கொண்டார். "ஐயா, அந்தக் கடை உங்க தெரு முனையிலதான் இருக்கு."

"இதைக் கீழயே ஒரு போர்டுல எழுதி வைக்கலாமே."

"போர்டெல்லாம் உள்ள அடுக்கி வச்சிருக்குங்க."

கால் இல்லாதவரை மூன்று மாடி ஏறவைத்து, இறங்கவைத்து, அவர் வீட்டுத் தெருவுக்கே திருப்பி அனுப்பினோமே, இதற்குப் பெயர் வணிகமா? அருகிலே யார் இருக்கிறார் என்பதுதானே தேடுகிறவனின் கேள்வி? அவன் நிற்கும் இடத்திலிருந்துதானே தேடுபொறி தொலைவை அளக்கிறது? அடுத்த வீட்டிலே இருந்துகொண்டு, அவனுக்கு எட்டாத் தொலைவிலே இருப்பதாக எழுதிக்கொடுத்த அறிவாளிகள் நாம்.

முடிவு என்னவாயிற்று? ஒரே அறையில் நாற்பத்தொரு கடைகளா என்று வியந்தது அந்த நிறுவனம். ஒரே நாளில் நாற்பத்தொன்றையும் நீக்கியது. அப்போதாவது நாணினோமா? இல்லை. யார் மிச்சம் என்று பார்த்தோம். சந்துக்குள்ளே, நீலக் கதவுக்குப் பின்னே, ஊசியக்கா மட்டும் மிச்சம். ஆலோசகர் வற்புறுத்தியபோதே அவர் சொன்னார்: "மிஷினைத் தூக்கிட்டு வர்றவங்க என் கதவைத் தட்டணும் சார். நான் இல்லாத கதவைத் தட்டி அவங்களுக்கு என்ன ஆகப் போகுது?"

நமக்கு எரிந்தது. ஏழு பேர் கூடி நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம், அந்த இடத்தில் அப்படியொரு கடையே இல்லை என்று. எழுதிய எழுவரில் ஒருவர் தையற்கடைக்காரர். "உங்க மிஷின் எங்கே, கடையிலே காணோமே?" என்று அவரைக் கேட்டேன். சற்றும் கூசாமல் சொன்னார், "ரிப்பேருக்கு அக்காகிட்டதான் குடுத்திருக்கேன்."

செயலாளர் அவர்களே, கையசைக்காதீர்கள், முடிக்கிறேன். இன்று மாலை ஆறு மணிக்குள் அந்தப் புகார்கள் திரும்பப் பெறப்படாவிட்டால் ஊசியக்காவின் கடை வரைபடத்திலிருந்து மறையும். புதிதாக வருகிறவர் எல்லோரும் தேடித்தான் அங்கே வருகிறார்கள். அவரையும், அவருடன் வேலை செய்யும் இரண்டு பெண்களையும் சோறு போட்டுக் காப்பது அந்த ஒற்றை வரி முகவரி. கூட்டம் தொடங்கும் முன், அதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரிடம் சென்றேன். "நீங்க எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றேன். அவர் சொன்னார்: "நான் இல்லவே இல்லைன்னு ஏழு பேர் எழுதிட்டாங்க. இருக்கேன்னு நானே வந்து என்ன தம்பி சொல்றது?"

அந்த எழுவரில் ஏழாமவன் நான்.

ஆம், எழுதியது இந்தக் கைதான். ஒற்றுமை ஒற்றுமை என்று இதே மேடையில் முழங்கியவனின் கை. ஆகவே இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை, எதிர்க்கிறேன். இதோ, உங்கள் கண்ணெதிரே, கைப்பேசியிலே என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். முடிந்தது. மீதம் ஆறு பேர். பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும், உங்கள் அருகில் இருப்பவருக்கும் தெரியும்.

மற்றவர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. கடை வைத்திருப்பவர், பலகை தொங்கும் வாசலின் முகவரியைப் பதியுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வேலை செய்பவர், உங்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டுப் போய்வரும் பகுதியைக் குறியுங்கள். அதற்கும் வழி இருக்கிறது. வரைபடத்திற்கு நம் அந்தஸ்து வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கும் இடம் போதும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், ஒலிவாங்கியை இன்னும் அணைக்காத செயலாளருக்கும் நன்றி. எல்லோர்க்கும் வணக்கம். மணி ஐந்தரை. அந்த ஆறு பேரும் கைப்பேசியை எடுங்கள். வெளியே போய்ச் செய்ய வேண்டாம். இங்கேயே, அக்காவின் முன்னாலேயே, இப்போதே செய்யுங்கள்.