பதினோரு நாள் பிள்ளையின் படம்

எங்கள் 'கிழக்கேமூட்டில்' குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கு கொஞ்சம் பெரியது. குடும்பயோகம் என்கிற நம் குடும்பச் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்காக நீங்கள் ஒப்படைத்த இருநூற்றுப் பதினான்கு பழைய புகைப்படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் என் சித்தப்பா பிள்ளைகள். உங்களுக்கும் அதே மூக்குதான். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

படங்களை என்னிடம் கொடுத்தது உங்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தில் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். எல்லா வீட்டு அலமாரியையும் காலி செய்து பிஸ்கட் டின்களில் கொண்டுவந்தீர்கள். "பீலிப்போஸ்கிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கிற மாதிரி" என்று வக்கீல் மாத்தச்சன் கூட்டத்தில் சொன்னான். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கப்பக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடப் போனீர்கள்.

பாதிக்கு மேல் சவப்பெட்டிப் படங்கள். உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் நம் ஆட்கள் 'இப்ப என்ன அவசரம்' என்பார்கள். செத்ததும் ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, பெட்டியைத் திறந்துவைத்து, மொத்தக் குடும்பமும் பின்னால் வரிசையாக நின்று காமிராவைப் பார்க்கும். அதனால் சிலருக்கு வாழ்நாளில் ஒரே படம்தான். அதிலும் கண் மூடியிருக்கும்.

என் அக்கா ஏலிக்குட்டிச் சேச்சியின் மகன் தொம்மி அந்த வகை. எழுபத்து நாலில் பிறந்து பதினோரு நாள் இருந்தான். சேச்சிக்கு அப்புறம் பிள்ளை இல்லை. படத்தை மஸ்லின் துணியில் சுற்றி அவளே கொண்டுவந்தாள்.

"இதை மட்டும் நீயே ஸ்கேன் பண்ணி, நீயே கொண்டாந்து கொடுடா."

"என்மேல நம்பிக்கை இல்லையா சேச்சி?"

"உன்மேல இருக்கு. உன் ஞாபகத்துமேலதான் இல்ல. கல்யாணத்தன்னிக்குத் தாலியை வீட்டுலயே வெச்சுட்டுக் கோயிலுக்குப் போனவன்தானே நீ."

நான் நினைவைப் பற்றி வேலை செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியாது. பழைய குடும்பப் படங்களிலிருந்து கலைப் பிரிண்டுகள் போடுகிறேன். முதல் பத்துப் படங்களை ஸ்கேன் செய்துதான் அச்சடித்தேன். ஃபோர்ட் கொச்சியில் ஆர்ட் கேலரி நடத்தும் அனாஹிதா வந்து பார்த்தாள். "இதுல இழப்பு பத்தலையே ஃபிலிப்" என்றாள், குழம்பில் உப்பு பத்தவில்லை என்கிற குரலில். நியாயமான பேச்சு. அசல் வீட்டில் பத்திரமாக இருக்கும்போது இழப்பு எங்கிருந்து வரும்?

பிறகு முறையை மாற்றினேன். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் பழைய படத்தை ஊறவைத்தால் அதன் மேல்தோல் பாலாடை மாதிரி கழன்று வரும். அதைக் கையால் செய்த காகிதத்தில் ஏந்தி அழுத்த வேண்டும். அடியில் மிஞ்சுவது வெற்று அட்டை. நூற்று முப்பது படங்களை இப்படிச் செய்தேன். நகல் எடுத்து வைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. ஸ்கேனர் அதே மேஜையில்தான் இருந்தது, ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். நகல் இருந்தால் அது வெறும் விளையாட்டாகிவிடும்.

"ஸ்கேன் பண்ணத்தானேடா கொடுத்தோம், துவையல் அரைக்கவா கொடுத்தோம்?" என்று மாத்தச்சன் நேற்றுக் கத்தினான். கலை புரியாதவனிடம் எனக்குக் கோபம் வருவதில்லை.

கண்காட்சிக்கு 'மறதியின் தோல்' என்று பெயர் வைத்தோம். சேச்சியை நானே காரில் அழைத்துப்போனேன். தன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பின்வரிசையில் அப்பச்சன் என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, மாமன்கள், இருபத்திரண்டு வயது சேச்சி, எல்லோரும் இருந்தார்கள். பெட்டிக்குள் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்றல்.

"எங்கடா என் பிள்ளை?"

"அந்த வெள்ளைதான் சேச்சி. அவன் இல்லாததைக் காட்டியிருக்கேன்."

"அவன் இல்லாதது எனக்குத் தெரியாதாடா? அம்பது வருஷமா தெரியும். அவன் இருந்தான்ங்கிறதுக்குத்தான் அந்தப் படம்."

அனாஹிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டாள். கண்காட்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் அது இருக்கிறது. சேச்சியின் பெயரும் போட்டோம், நான் யாரையும் சுரண்டுகிறவன் இல்லை. அந்தப் பிரிண்ட் இப்போது பெங்களூரில் ஒரு ஹோட்டலில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

பிள்ளையின் முகம் வெந்நீரில் தானாகக் கிழிந்துவிட்டது என்று போன வாரம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தோல் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக வந்தது. முகம் அவ்வளவு தெளிவு. பார்க்கிறவர்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள், என் வேலையைப் பார்க்க மாட்டார்கள் என்று பட்டது. கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன்.

இப்போது தினமும் காலைப் பூசை முடிந்ததும் சேச்சி போன் செய்கிறாள். திட்டுவதில்லை. "கடைசியா அவனைப் பார்த்தவன் நீதானே. முகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுடா. படத்தையே பார்த்துப் பார்த்து, அது போனதும் எனக்கு மனசுல வரவே மாட்டேங்குது" என்கிறாள்.

எனக்கும் தெரியாது. நான் ஈரத்தையும் வெளிச்சத்தையும்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவளை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒரு நாள் அப்பச்சன் ஜாடை என்றேன். ஒரு நாள் கன்னத்தில் குழி என்றேன். "அப்படியா" என்று கேட்டுக்கொள்கிறாள். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்கிறேன், அடுத்த கண்காட்சிக்கு.

இதுவரை பதினேழு முகம் சொல்லியாயிற்று. ஒரு முகத்தை எடுத்ததற்கு என்னைத் திருடன் என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். அதன் கீழேயே, அக்காவுக்குப் பதினேழு பிள்ளைகளைக் கொடுத்தவன் என்றும் எழுதுங்கள்.