மிச்சக் காற்றுக்கு ஒரு மதிப்புரை

– இன்னொரு தடவை படிக்கிறேன், கேட்டுக்கோ பாப்புன். "இப்படி ஒரு குடும்பத்தை எந்த வங்காளி வாசகன் நம்புவான்? நம் வீடுகளில் அனாதைப் பிள்ளைக்குத்தான் முதல் கவளம் போகும்." நீ எழுதினதுதானே?

– நான் எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டாதே திதி. கீழ என் பேரு போட்டிருக்கே, அப்புறம் என்ன கேள்வி. பசிக்குது. காலையிலேருந்து பச்சைத் தண்ணி வாயில படல. பொட்டை வெச்சு விடு, பொரிச்ச லுச்சிப் பூரி ஆறிப்போகுது.

– எனக்கும்தான் பசிக்குது. தம்பிக்குப் பொட்டு வெக்கிற வரைக்கும் அக்காவும் பட்டினி, தம்பியும் பட்டினி. அதானே முறை. சந்தனம் அரைச்சு வெச்சாச்சு, விளக்கும் ஏத்தியாச்சு. அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு பண்ணணும்.

– நான் வாங்கிட்டு வந்த புடவை பிடிக்கலையா? மாத்திக்கலாம், பில் பையிலேயே கெடக்கு.

– புடவை கெடக்கட்டும். இந்த நாவலோட கடைசி அத்தியாயத்தைப் படி. இங்கேயே, இந்த ஆசனத்துல உக்காந்தபடி. சத்தமா.

– என்ன திதி இது, பண்டிகை நாள்ல பரீட்சை வெக்கிறே. அதாவது, மதிப்புரை எழுதறது என் தொழில் மாதிரி. உனக்குப் புத்தகம் பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.

– முழுசாப் படிச்சுட்டுத்தான் எழுதினியா?

– கதையைச் சொல்லட்டுமா? சனிக்கிரகத்தைச் சுத்தற ஒரு நிலையம். அப்பா அம்மா விபத்துல போயிட்ட நீலுங்கற பையன். நிலைய அதிகாரி எடுத்து வளக்கறாரு. அங்க காத்துக்குப் பஞ்சம். அதிகாரி குடும்பம் மூச்சு விட்டு மிஞ்சின காத்துதான் குழாய் வழியா நீலு படுக்கிற சாமான் அறைக்குப் போகும். அதான் தலைப்பு, மிச்சக் காற்று. ஒரு நாள் சின்னக் கலம் ஒண்ணுல திருட்டுத்தனமா ஏறித் தப்பிக்கிறான். துரத்தல், புயல், சண்டை, எல்லாம் உண்டு. போதுமா?

– முடிவு?

– ஜெயிப்பான். இந்த மாதிரிப் புத்தகத்துல பையன் வேற என்ன பண்ணுவான்.

– அதிகாரியோட மகனுக்குப் பேரு என்ன?

– பேரே கெடையாது. அதைத்தான் குத்திக் காட்டியிருக்கேனே.

– ஆமாமா, இதோ இருக்கு. "முக்கியமான பாத்திரம் ஒன்றுக்குப் பேர் வைக்கக்கூட ஆசிரியருக்குச் சோம்பல். புத்தகம் முழுக்க 'சின்ன எஜமான்', 'சின்ன எஜமான்' என்றே இழுத்துக்கொண்டு போகிறார்." முழுக்கன்னு எழுதியிருக்கே. முழுக்கப் படிச்சவன் இந்த வரியை எழுத முடியாது பாப்புன்.

– ஏன் முடியாது?

– எவ்வளவு படிச்சே? என் தலையில அடிச்சு சொல்லு.

– பாதி. பாதிக்கும் கொஞ்சம் கம்மி. பத்திரிகையோட துர்கா பூஜை மலர் வேலை கழுத்தை நெரிச்சுட்டு இருந்துது திதி. அதாவது, நாலு அத்தியாயம் பாத்தாலே ஒரு புத்தகத்தோட எலும்பு தெரிஞ்சிடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

– வெக்கமா இல்ல?

– இப்ப இருக்கு. காப்பியடிக்காதேன்னு கிளாஸ்ல பசங்களுக்கு உபதேசம் பண்றவன் நான். சரி, விடு. அடுத்த இதழ்ல நாலு வரி நல்லதா எழுதிடறேன். யாரு அந்த ஆளு, பிரதீப்த ஹாஜ்ரா. ஜல்பைகுரில எங்கேயோ பள்ளிக்கூட வாத்தியாராம், முதல் புத்தகம். ஒரு கடுதாசி போட்டா உருகிப்போயிடுவாரு.

– ஹாஜ்ராங்கற பேரு உனக்கு ஒண்ணும் ஞாபகப்படுத்தலையா?

– கல்கத்தாவுல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு ஹாஜ்ரா மேலதான் விழணும்.

– அப்பாவோட ரயில்வே ஆபீஸ்ல ஒரு ஹாஜ்ரா இருந்தாரே. படகு கவுந்து புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணாப் போனாங்களே.

– அது ஃபேலாவோட அப்பா.

– ஃபேலாவோட அப்பாதான்.

– ஃபேலா பேரு ஃபேலாதானே திதி.

– கேட்டியா இவன் கேக்கறதை. அது வீட்டுல கூப்பிடற பேரு. முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கலன்னு, யமன் திரும்பிப் பாக்காம இருக்கறதுக்காக அவங்கம்மா வெச்சது. தூக்கிப் போட்டதுன்னு அர்த்தம். உனக்கும் எனக்கும் வெளியில சொல்ல ஒரு நல்ல பேரு இருக்கற மாதிரி அவனுக்கும் ஒண்ணு இருந்திருக்கும்ல? நம்ம வீட்டுலதான் வளந்தான். பாப்புன்தா, பாப்புன்தான்னு அண்ணன் முறை சொல்லி உன் பின்னாடியே வால் பிடிச்சுட்டு சுத்தினான். உன் நல்ல பேரு என்னடான்னு நீ ஒரு நாள் கேட்டியா? நானும் கேக்கல. அவன் போன கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அது தெரிஞ்சிருந்துது.

– இரு, இரு. வேற ஏதோ ஒரு ஹாஜ்ராவா இருக்கும். நீயே முடிச்சுப் போடாதே.

– நானும் அப்படித்தான் நெனச்சேன். உன் பையிலேருந்து புத்தகத்தை எடுத்துட்டு வந்து, பொழுது போகாம பொரட்டிட்டு இருந்தேன். நீலு குழாய் வாயில மூக்கை வெச்சு, அதிகாரி வீட்டுல அன்னிக்கு என்ன சமையல்னு மோந்தே கண்டுபிடிப்பான்னு வருது. நம்ம மாடிப்படிக்குக் கீழ, சமையலறைச் சுவத்தை ஒட்டித்தானே அவனுக்குப் படுக்கை? இன்னிக்கு இறால், இன்னிக்கு வெறும் பருப்புன்னு படுத்தபடியே சொல்லுவானே. நாம கைதட்டிச் சிரிப்போம்.

– ஞாபகம் இருக்கு.

– பதிப்பாளருக்குப் போன் பண்ணி நம்பர் வாங்கினேன். ஹலோன்னேன். திதியான்னான். அத்தனை வருஷம் கழிச்சு, ஒரே வார்த்தையில.

– அட கடவுளே.

– இப்ப சொல்லு. நம்ம வீட்டுல அவனுக்கு முதல் கவளமா போச்சு?

– கடைசி.

– கடைசிகூட இல்ல. கடைசின்னா தனியா ஒரு தட்டு உண்டு. நாம தின்னு மிச்சம் வெச்ச தட்டு அவனுக்கு. நீ என்னடான்னா, இப்படி ஒரு குடும்பம் நாட்டுலயே கெடையாதுன்னு அச்சுல போட்டிருக்கே. அதுவும் யாரோட புத்தகத்துக்கு.

– போதும் திதி. எனக்கு எங்கேயாவது போய் முகத்தை மறைச்சுக்கலாம் போல இருக்கு.

– உன்னை மட்டும் சொல்லல. நான் என்ன ஒழுங்கு? அந்தக் காலத்துல இதே நாள்ல உனக்கு ஆசனம், விளக்கு, சங்கு, சுண்டுவிரலால பொட்டு. அவனை வாசப்படியில நிக்க வெச்சு, கிண்ணத்துல ஒட்டிட்டு இருந்த சந்தனத்தைத் தண்ணி விட்டுக் கரைச்சு நெத்தியில ஒரு இழுப்பு. பாயசம் கெடையாது. அம்மா எண்ணி வெச்சுட்டாங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். எனக்கு அப்பவே விவரம் தெரியற வயசு. வேணும்னு பண்ணல. வேண்டாம்னு நிறுத்தவும் இல்ல.

– அந்த ரெண்டாவது ஆசனம் யாருக்கு?

– இவ்வளவு நேரம் கழிச்சாவது கேட்டியே.

– திதி, யாருக்கு?

– ராத்திரி ரயில்ல ஏறிட்டானாம். இந்நேரம் சியால்தா ஸ்டேஷன்ல எறங்கி பஸ் பிடிச்சிருப்பான்.

– இன்னிக்கா? இங்கயா? ஏன் முன்னாடியே சொல்லல?

– சொன்னா வந்திருப்பியா?

– பத்திரிகையைப் பாத்திருப்பானா?

– ஜல்பைகுரிக்கும் பத்திரிகை போகுது பாப்புன். உன் பேரைப் பாத்தா முதல்ல அதைத்தான் படிப்பான். உன் நல்ல பேரு அவனுக்குத் தெரியும். உன் பாடப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு, பேரு எழுதிக் குடுத்தவன் அவன்தானே.

– நான் கெளம்பறேன். அதாவது, உடம்பு சரியில்லன்னு சொல்லிடு.

– பொட்டு வெக்காம ஒரு அடி எடுத்து வெக்கக்கூடாது. உக்காரு. படி. கடைசி ரெண்டு பக்கம் போதும். அவன் மூஞ்சியில முழிக்கறதுக்கு முன்னாடி நீ இதைப் படிச்சே ஆகணும். இந்தா கண்ணாடி.

– எங்கேருந்து?

– "கதவுக்கு வெளியே."

– "கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நீலு எழுந்து உட்கார்ந்தான். சின்ன எஜமான் நின்றிருந்தான். கையில் அவனுடைய சொந்தக் காற்றுக் குப்பி, முத்திரை பிரிக்காதது. அதை வாசலோரம் தரையில் வைத்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான்."

– நிறுத்தாதே.

– "நீலு மூடியைத் திறந்தான். அதில் யாருடைய சாப்பாட்டு வாசனையும் இல்லை. யாரும் மூச்சு விட்டு மிச்சம் வைக்காத காற்று. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு குப்பியை வைத்துக்கொண்டுதான் அவன் அத்தனை தூரம் போனான்."

– அடுத்த பக்கம். நீலு ஒரு புது நிலவைக் கண்டுபிடிச்ச பிறகு.

– "'புது நிலவுக்கு என்ன பேர் பதியட்டும்? உன் பேரா?' என்றார் வரைபட அலுவலர். நீலு தலையை ஆட்டினான். 'சின்ன எஜமானை அவங்க அம்மா ஆசையாக் கூப்பிடற பேரு' என்றான். 'பாப்புன்.'"

– பேரு வெக்க சோம்பலாம் அவனுக்கு.

– திதி...

– நீலுவோட அந்தக் குப்பி எதுன்னு உனக்குப் புரியுதா? போன்ல அவன்கிட்ட கேட்டேன். சின்ன வயசுல ஒரு வருஷம் இதே நாள், மாடிப்படிக்குக் கீழ, ஒரு கிண்ணம் நெறையப் பாயசம். வாய் வெக்காத கிண்ணம். உன் பங்கு. வெச்சுட்டு நீ ஓடினதை அவன் பாத்திருக்கான். எங்க யாருக்கும் தெரியாது பாப்புன். நான் அன்னிக்கு அவனுக்கு ஒரு கரண்டி குடுக்கல, அம்மா குடுக்கல. நீ உன்னோடதைக் குடுத்திருக்கே. படிச்சுட்டு அழுதேன். திட்டணும்னு உன்னை உக்கார வெச்சேன், ஆனா உள்ளுக்குள்ள எனக்குப் பெருமைதான். அந்த வீட்டுல ஒருத்தனாவது மனுஷனா இருந்திருக்கான். ஏன் முகம் இப்படி வெளுக்குது?

– அதைப் பத்தி அவன் வேற என்ன சொன்னான்?

– ஒண்ணும் சொல்லல. சிரிச்சான். யாரோ மாடி ஏறி வர்ற சத்தம் கேக்குது பாரு. எழுந்து ஓடினே, கால ஒடிப்பேன். வாப்பா, வா. செருப்போட வந்தாலும் பரவால்ல, உள்ள வா.

– செருப்பைக் கழட்டிட்டேன் திதி. பஸ்ல கூட்டம், நேரமாயிடுச்சு. இது உங்களுக்கு, புடவை. சுமாராத்தான் இருக்கும்.

– ஃபேலா...

– பாப்புன்தா. காலை நீட்டு, கும்பிட்டுக்கறேன்.

– வேண்டாம். என் காலைத் தொடாதே. எழுந்திரு, தயவு பண்ணி எழுந்திரு. உன்னை இனிமே பிரதீப்தன்னு கூப்பிடட்டுமா?

– ஃபேலான்னே கூப்பிடு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்ப வேற யாரும் இல்ல.

– மதிப்புரையை... பாத்தியா?

– சிலிகுரி ஸ்டேஷன்ல வாங்கினேன். பரவால்ல, நல்லா எழுதியிருக்கே, சிரிப்பு வந்துது. பேரு விஷயம் நீ சொன்னது சரிதான். கடைசிப் பக்கம் வரைக்கும் நான் இழுத்திருக்கக் கூடாது. எல்லாரும் அங்க வரைக்கும் வருவாங்கன்னு நெனச்சுட்டேன்.

– நான் படிக்காம எழுதினேன்.

– தெரிஞ்சுது.

– போதும், ரெண்டு பேரும் உக்காருங்க. பட்டினியோட பேசினா பேச்சு கசக்கும். ஃபேலா, இன்னிக்கு உனக்குத்தான் முதல் பொட்டு. புதுச் சந்தனம்.

– பெரியவருக்கு முதல்ல திதி. முறையை மாத்தாதீங்க.

– சரி. பாப்புன், நெத்தியைக் காட்டு. ஏன் கையைத் தள்றே? சுண்டுவிரல்ல சந்தனம் காயுது.

– எனக்கு வெக்காதே திதி.

– இது என்ன புதுக் கூத்து?

– நான் ஒருத்தன்தான் மனுஷன்னு சொல்லிட்டு நீ வெக்கிற பொட்டு எனக்கு வேண்டாம். ஃபேலா, நிலவுக்கு என் பேரை வெச்சிருக்கே. இந்தப் புத்தகம் நாளைக்கு எத்தனையோ பசங்க கையில இருக்கும். அந்தப் பாயசம் நான் உனக்குக் குடுத்தது இல்ல.

– பாப்புன், நல்ல நாளும் அதுவுமா என்ன உளறல்?

– உளறல் இல்ல திதி. மூடி வெக்காம விளையாடப் போயிட்டேன். வந்து பாத்தா கிண்ணத்துல ஒரு கரப்பான் கெடந்துது. அம்மா பாத்தா முதுகுத் தோலை உரிப்பாங்க. அதான் ஃபேலா, உன் படுக்கை ஓரமா தள்ளிட்டு ஓடினேன். திரும்பிப் பாக்கவே இல்ல. உனக்குன்னு ஒரு நிமிஷம்கூட நான் நெனக்கல ஃபேலா.

– தெரியும் பாப்புன்தா. எடுத்துப் போட்டுட்டுத்தான் குடிச்சேன்.