கொச்சங்காடிக்கு ஒரு லாரி

— உக்காருங்களேன் மச்சான். எட்டி எட்டிப் பார்த்தா லாரி வந்துருமா?

— வரும்டீ சுலைஹா. யூனியன் ஆபீஸ்ல அனில் சேட்டன் சொன்னாரு. நம்ம கொச்சங்காடிக்கு லாரி வருது, சுமக்க ஆள் வேணும்னு போன் வந்துச்சாம். முறை எனக்கு.

— உங்க முறைன்னா வேற யாரும் தொடமாட்டாங்களா?

— தொட்டுருவானா? இந்தத் தெருவுல ஏத்துறதோ இறக்குறதோ, முறைக்காரன் தோள்லதான் ஏறணும். வாப்பா காலத்துலேர்ந்து அதான் சட்டம். ஒரு சாயா தாடீ, தலை வலிக்குது.

— அடுப்பு பத்த வைக்கல.

— உச்சி ஆகப்போகுது. சுமட்டுக்காரனுக்குச் சோறு போடற கடையில அடுப்பு பத்தலைன்னா?

— யாரு வர்றா சாப்பிட? நேத்து வடிச்சது பூனைக்குப் போச்சு.

— ஏலக்கா சீசன்டீ. வரும், நோக்கிக்கோ.

— ஏலக்காய மலையிலேயே கன்டெய்னர் பெட்டிக்குள்ள போட்டு சீல் வச்சு நேரா வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கொண்டு போயிடறான். இந்தப் பக்கம் வாசனைகூட வர்றதில்ல. கப்பல் இங்க நின்னப்ப சாக்கு தைக்கிறவன், கயிறு விக்கிறவன், லாட்ஜ்காரன், எல்லாரும் பிழைச்சான். இப்ப பாருங்க, எதிர் கிடங்குல வெள்ளைக்காரனுக்குக் காப்பி ஆத்துறான்.

— அதுக்கு? உன் தங்கச்சி பேச்சைக் கேட்டு விழிஞ்ஞம் புதுத் துறைமுகத்துக்குப் போகணுமா? மறுபடி ஆரம்பிக்காத.

— அங்க தங்கச்சி பௌசியா நடத்துற மெஸ்ஸுல உக்கார இடமில்லாம நின்னுக்கிட்டே சாப்பிடறாங்களாம் மச்சான்.

— அங்க என்னத்தைச் சுமக்கிறாங்க, சொல்லு? பெட்டியை ஒரு கப்பல்லேர்ந்து கிரேன் தூக்கி இன்னொரு கப்பல்ல வைக்குது. திறக்கறதே இல்ல. சாக்கு பிடிச்ச கைக்கு அங்க என்ன வேலை?

— சாக்குக்கு ஆள் வேணாம், சரி. கிரேன் ஓட்டுறவனுக்குப் பசிக்காதா? ரோடு போடறவனுக்கு? லாரிக்காரனுக்கு?

— என் யூனியன் அட்டை இந்த ஏரியாவுக்குத்தான். இதை விட்டா நான் யாரு?

— உங்க வாப்பா உத்தமபாளையத்துலேர்ந்து வந்தப்ப எந்த அட்டை வச்சிருந்தாரு? கப்பல் இங்க நின்னுச்சு, அவரும் வந்தாரு.

— வாப்பாவை இழுக்காத! அவருக்கு அப்ப தோள் இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு, போதுமா? அங்க வந்து உன் கடையில தட்டு கழுவணுமா நான்?

— கழுவுங்களேன். நான் இத்தனை வருஷம் கழுவலையா? விடிஞ்சா எந்திரிச்சு வந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, அதைத்தான் என்னால பார்க்க முடியல.

— இரு, இரு. ஹார்ன் கேக்குது. வந்துருச்சுடீ! அந்தத் தலைத்துண்டை எடு... ஐயே, காலி லாரி! ஒரு சாக்குகூட இல்ல. சேட்டா, வழி தெரியாம வந்துட்டீங்களா? ... சுலைஹா, இவரு விழிஞ்ஞம் ட்ரிப்புங்கிறாரு. யாரு கூப்பிட்டது இவரை?

— நான்தான். யூனியனுக்குப் போன் பண்ணினதும் நான்தான். அண்டா, குண்டான், அடுப்பு எல்லாம் பின்கட்டுல கட்டி வச்சிருக்கேன், உங்க முறை, ஏத்துங்க. கடைசியா உங்க துணிப்பெட்டி இருக்கு. அதை ஏத்தணுமா வேண்டாமான்னு நீங்களே பார்த்துக்குங்க மச்சான்.