அம்புரோஸின் வயிற்றில் நீலக் கோடு

எங்கள் ஆஸ்பத்திரிக் கஞ்சியை நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே நோயாளி அம்புரோஸ்தான். எதையும் சந்தேகிக்கிற சுபாவம் மனிதருக்கு இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் கிருபைராஜ். மிஷன் ஆஸ்பத்திரி வைத்திய வகுப்பில் இரண்டாம் வருஷம். காலையில் பாடம், மாலையில் மருந்தறையில் மாத்திரை உருட்டும் வேலை. என் தகப்பனார் உபதேசியார்; ஆகவே எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கேட்காததைச் சொல்லாமலிருக்கத்தான் பழக்கம்.

வகுப்பில் இருந்தது சீமையிலிருந்து வந்த ஒரே படப்புத்தகம். அதில் மண்ணீரல் இருக்கவேண்டிய பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. துரை டாக்டர் பணம் கேட்டுச் சீமைச் சங்கத்துக்கு எழுதினார். புத்தகம், பெஞ்சு போன்ற பழைய சங்கதிகளுக்குத் தருவதற்கில்லை என்று பதில் வந்தது. புதுமையான போதனா முறை ஏதேனும் இருந்தால் மகிழ்ச்சியோடு தருவார்களாம். அதிலும் பாதி உள்ளூரார் போடவேண்டுமாம். பெஞ்சு இல்லாமல் நின்றுகொண்டே படிப்பதும் புதுமைதானே என்றேன். துரை சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் அம்புரோஸ் வந்தார். புன்னக்காயல் தோணிக்காரர். மலையில் மரம் இறக்கினால் கூலி அதிகம் என்று போய், குளிர்காய்ச்சலை வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தார். இடது விலாவுக்குக் கீழே காய்ச்சல்கட்டி, அதாவது வீங்கிய மண்ணீரல், தொப்புளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கரையான் தின்ற பக்கம் கால் முளைத்து நடந்து வந்ததாகவே எனக்குப் பட்டது.

புதுமை என் யோசனை. சனிக்கிழமைதோறும் அவர் வயிற்றை விரலால் தட்டி, ஓசை மந்தமாகிற இடத்தில் அவுரி நீலத்தால் கோடு போடுவோம். கட்டி எதுவரை என்பதை மாணவன் விரலாலும் காதாலும் கற்றுக்கொள்வான். துரை இதற்கு ‘உயிருள்ள பாடம்’ என்று பெயர் வைத்துச் சீமைக்கு எழுதினார். உள்ளூர்ப் பாதிக்கு ஜவுளிக்கடை சிவசண்முகம் அண்ணாச்சி அகப்பட்டார். வந்து கோட்டை உற்றுப் பார்த்தார்.

“ஏலே, இது வளருதா?”

“வளருது அண்ணாச்சி.”

“அப்பம் அடுத்த மாசமும் வாரேன்.”

பெஞ்சு வந்தது. பெரிய விளக்கு வந்தது. குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மாத்திரையும் வேலை செய்தது, அதுதான் சங்கடம். அடுத்த மாதம் கோடு பின்வாங்கிவிட்டது.

“என்ன வே, போன மாசம் தொப்புள்கிட்ட நின்னுச்சு. சுருங்குத ஏவாரத்துல நான் துட்டு போட மாட்டேன்.”

நோயாளி குணமாவதே நோக்கம் என்று துரை விளக்கினார். அண்ணாச்சி குடையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை முதல் அம்புரோஸின் மாத்திரையை அரிசி மாவில் பாகல் இலைச் சாறு விட்டு உருட்டினேன். கொயினாவை நான் திருடவில்லை. அடுத்த கட்டிலில் கிடந்த ஆழ்வார்திருநகரி வாத்தியாருக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். அவர் வெகு சீக்கிரம் குணமாகி, கஞ்சியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் குணமானதையும் என் பேரில் எழுதிக்கொள்வது நியாயம்.

அம்புரோஸின் மகள் பவுலினுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, மறுப்புச் சொல்ல ஆளில்லை என்றால் தாலி. அதற்குள் ஊர் போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு. எங்கள் புராட்டஸ்டண்டு சபை ஜெபத்திலும் கத்தோலிக்கரான அவர் மட்டும் சிலுவை போட்டுக்கொள்வார். ஜெபம் நடத்தும் என் தகப்பனார் முறைத்தால், “ரெண்டு கரையிலயும் நங்கூரம் போட்டு வைக்கேன் ஐயா” என்பார்.

“தம்பி, மொத ஓலை வாசிச்சாச்சாம். போயிரலாமா?”

“பைய போகலாம். மாத்திரைய விடாம முழுங்கும்.”

“முழுங்குதேன். என்னா கசப்பு. இதுக்குச் சாத்தானே எறங்கி ஓடிருவான்.”

கோடு மறுபடி முன்னேறியது. அது தொப்புளைத் தொட்ட சனிக்கிழமை, அண்ணாச்சி மனம் குளிர்ந்து வகுப்புக்குத் தனிக் கட்டடமே கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். தானும் ஒருதரம் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுக்கிறவரிடம் முடியாது என்பது மரியாதையில்லை. துரை அப்போது அடுத்த வார்டில் இருந்தார். வீங்கிய மண்ணீரல் லேசில் கிழிந்துவிடும், விரல் நுனியால்தான் தட்டவேண்டும் என்பது இரண்டாம் வருஷப் பாடம். அண்ணாச்சி அதைப் படிக்கவில்லை. நான் படித்திருக்கிறேன். சந்தையில் பூசணிக்காயைத் தட்டுவதுபோல் அவர் விரல்முட்டியால் தட்டிவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

“இன்னும் கொஞ்சம் ஓங்கி, அண்ணாச்சி” என்று நான்தான் சொன்னேன்.

அம்புரோஸ், “லேசா வலிக்கு தம்பி” என்றார். பிறகு முகம் வெளுத்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் இல்லை. சேதி போய்ச் சேருமுன், மறுநாள் காலை புன்னக்காயலில் மூன்றாம் ஓலையை வாசித்தார்கள். மறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை.

கட்டி தானாக வெடித்தது என்றே துரை நினைத்தார். காரியம் வெளிப்பட்டது அம்புரோஸின் மனைவி மரியம்மாளால். சில வாரம் கழித்து வந்தவர், முந்தி முடிச்சை அவிழ்த்துச் சில மாத்திரைகளைத் துரையின் மேசையில் வைத்தார். தனக்குக் கொடுத்ததில் கொஞ்சத்தை, வீட்டில் யாருக்காவது உதவும் என்று அம்புரோஸ் ஊருக்குக் கொடுத்தனுப்பியிருந்தாராம்.

“ஐயா, இதுல வண்டு உழுந்திட்டு. வேற குடுங்க. பவுலினுக்குக் காச்ச அடிக்கு.”

கொயினாவில் வண்டு விழாது. துரை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றியது நான். ஓங்கித் தட்டச் சொன்னது நான். அம்புரோஸ் செத்தது என்னால். கூடவே இன்னொன்றையும் எழுதவேண்டும். துரை அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அடக்கத்துக்கு அனுப்புமுன், அண்ணாச்சி கொடுத்த விளக்கின் கீழே, பிரேதத்தை வகுப்பின் முன்பாக அறுத்தார்கள். தோலில் நீலம் அழியாமல் இருந்தது. உள்ளே கட்டியின் விளிம்பு என் கோட்டுக்கு நேர் கீழே, நூல் பிசகாமல் நின்றது.

நான் எந்த இடத்திலும் தவறவில்லை, ஐயா.